காரீயத்தைத் தேடிய மருத்துவர்

ஈயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது நரம்பைத் தாக்கும் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. அந்நஞ்சைத் தொழிற்சாலைகளுக்குள்ளேயே சென்று தேடியவர் ஆலிஸ் ஹாமில்டன்.

அமெரிக்காவில் 1869இல் பிறந்த இவர், 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். சிகாகோ நகரில் ஏழைத் தொழிலாளர் நடுவே ஹல் ஹவுஸ் என்னும் தொண்டில்லத்தில் வாழ்ந்தார். 1910இல் இலினாய் மாநிலம், தொழிலால் வரும் நோய்களை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது.

ஆலை முதலாளிகளின் சொல்லை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு ஒன்றும் அகப்பட்டிராது. மருத்துவமனை ஏடுகளைப் புரட்டினார். தொழிலாளர் வீடுகளுக்கு நடந்தார். குளியல் தொட்டிகளுக்குப் பளபளப்பான பூச்சிடும் ஒருவர் காரீய நோயுற்றுக் கிடந்ததை அறிந்து, அவர் வேலை செய்த ஆலைக்குச் சென்றார். ஐயத்துக்கு இடமான எதுவும் அங்கே தென்படவில்லை. நோயாளியைத் தேடிச்சென்று கேட்ட பின்னரே, தாம் கண்டது வேறிடம் என்பதும், பூச்சுவேலை நடைபெறுவது மற்றோர் இடத்தில் என்பதும் தெரியவந்தன. அப்பூச்சுத்தூளில் காரீயம் இருந்தது. இத்தகைய சான்றுகளின் பயனாக 1911இல் அம்மாநிலம் தொழில்நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றியது.

1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார். பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்க மட்டும் அவருக்கு இசைவில்லை!

அக்காலத்தில் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலக்கும் வணிகம் தொடங்கியிருந்தது. 1924இல் நியூஜெர்சியில் அச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் மாண்டனர். மறு ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் ஆலிஸ் அதனை எதிர்த்தார். ஓர் ஆலையைச் சீர்படுத்தலாம், நாடெங்கும் பரவும் புகையை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பது அவர் வாதம். அரசு தடைவிதிக்கவில்லை, அப்பெட்ரோல் உலகெங்கும் விற்பனையாயிற்று.

101 ஆண்டுகள் வாழ்ந்த ஆலிஸ் 1970 செப்டம்பரில் மறைந்தார். அமெரிக்கா பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்கத் தொடங்கியது அதன்பின்னரே. ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றது. வணிகமோ பிற நாடுகளில் தொடர்ந்தது. இந்தியாவில் 2000இலும், இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலும் காரீயப் பெட்ரோல் விற்பனை முடிவுற்றது.

வண்ணப்பூச்சுகளுக்கும் இத்தகைய வரம்பு வந்தது. வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சம் பங்கில் 90ஐ மிஞ்சலாகாது என்னும் இந்திய விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தைப்பொங்கலன்று ஏறுதழுவல் காணும் அவனியாபுரத்தில், விழாவுக்கு முன் கதவுக்குப் பூச வாங்கும் வண்ண டப்பாவிலும் அவ்வரம்பு அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.