கோல்ட்ஷ்மிட்: அணுக்களுக்கு இடம் பார்த்தவர்

பழவேற்காடு பக்கம் போயிருக்கீங்களா? ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்பதை மீனவக் குப்பங்கள் சுழற்சி முறையில் முடிவு செய்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். அங்கிருந்து கடலுக்குப் போகும் படகில் மீன் தேடும் எக்கோ சவுண்டர் இருந்தால், அதில் ஒலி எழுப்பும் வில்லை பெரும்பாலும் பெரோவ்ஸ்கைட் செராமிக்தான். அந்த வில்லைக்குள் அணுக்களுக்கும் ஒரு பாடு உண்டு. எந்த அணு எங்கே பொருந்தும் என்று கணக்குப் போட வழி காட்டியவர் விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஷ்மிட்.

1888-ல் சூரிச்சில் பிறந்தார். அப்பா வேதியியல் பேராசிரியர். 1901-ல் குடும்பம் நார்வேக்குக் குடிபெயர்ந்தது. 1914-ல் கோல்ட்ஷ்மிட் பேராசிரியர் ஆனபோது வயசு 26. நம்ம சீனியர்கள் பலர் அந்த வயசில் பிஎச்.டி. முடிக்கவே திணறுவாங்க!

1920-களில் எக்ஸ்ரே மூலம் ஏராளமான படிகங்களை அளந்து, அயனிகளின் ஆரங்களைப் பட்டியல் போட்டார். 1926-ல் டாலரன்ஸ் ஃபேக்டர் வந்தது. பெரோவ்ஸ்கைட்டில் ஏ என்ற பெரிய அயனி, பி என்ற சின்ன அயனி, கூடவே ஆக்சிஜன். மூன்றின் ஆரங்களையும் வைத்து ஒரு விகிதம். அது 1-ஐ ஒட்டி இருந்தால் கட்டமைப்பு கச்சிதமாக அமையும். விலகினால் சாயும், இல்லைன்னா வேற வடிவத்துக்குப் போயிடும்.

1929-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போனார். அவர் யூதர், ஹிட்லர் ஆட்சி வந்ததும் நிலைமை மோசமாக, 1935-ல் பதவியை விட்டு ஆஸ்லோ திரும்பினார். போர் அங்கேயும் துரத்தியது. 1942 அக்டோபரில் கைதானார். நவம்பர் 26 அன்று யூதர்களை ஏற்றிச் சென்ற டோனாவ் கப்பல் ஆஸ்லோ துறைமுகத்தில் நின்றபோது, கடைசி நேரத்தில் அவரை மட்டும் தனியே பிரித்தார்கள். அவருடைய அறிவு நாட்டுக்குத் தேவை என்று சக ஆய்வாளர்கள் வாதாடியிருந்தார்கள். அந்தக் கப்பலில் போன 532 பேரில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அவர் டிசம்பரில் ஸ்வீடனுக்குத் தப்பி, பிறகு பிரிட்டன் சேர்ந்தார். உடல் நலம் கெட்டுப்போயிருந்தது. 1946-ல் ஆஸ்லோ திரும்பியவர், 1947 மார்ச்சில் 59 வயதில் இறந்தார்.

அவர் கணக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்: அணுக்கள் பொருந்துமா? பொருந்திய பிறகு வரிசையாக உட்காருமா என்பது வேறு கேள்வி. லெட் ஸ்கேண்டியம் டான்டலேட்டை எடுத்துக்கோங்க. பி இடத்தைப் பாதி ஸ்கேண்டியம், பாதி டான்டலம் பங்கு போடும். ரொம்ப உயர்ந்த வெப்பத்தில் இரண்டும் இஷ்டத்துக்குக் கலந்து நிற்கும். சட்டென்று குளிர வைத்தால் அந்தக் கலவை அப்படியே உறைந்துவிடும். கொஞ்சம் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் அனீல் செய்தால், இரண்டும் நகர்ந்து மாறி மாறி அமரும். ஒரே சேர்மானம், ஒரே உலை. ஆனா முதலாவது ரிலாக்ஸர், இரண்டாவது சாதாரண ஃபெர்ரோஎலெக்ட்ரிக் மாதிரி நடந்துகொள்ளும்.

அதனால செராமிக் லேபில் மாதிரி தயாரிக்கும்போது, என்ன கலந்தீங்கன்னு மட்டும் குறிக்காதீங்க. எவ்வளவு வெப்பம், எத்தனை மணி நேரம், எவ்வளவு வேகமா குளிர்ந்ததுன்னும் எழுதுங்க. எக்ஸ்ரே படத்தில் தாழ்ந்த கோணத்தில் ஒரு சின்ன கூடுதல் பீக் தெரிந்தால் அதை நாய்ஸ்னு தள்ளிடாதீங்க. அணுக்கள் பாடு பிரிச்சுக்கிட்டதுக்கு அதுதான் சாட்சியா இருக்கலாம்.