விமானி பிரேம் மாத்தூர்: எட்டுக் கம்பெனிகள் மறுத்த கதை

ஆகாய விமானம் ஓட்டுகிறவருக்கு என்ன குறை இருக்க முடியும் என்று நம் தோழர்களில் பலர் எண்ணக்கூடும். கம்பம் பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேற்கு மலைக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு விமானம் போகிறது. அதை ஓட்டுகிறவர் பெரிய சம்பளக்காரர். தோளிலே பட்டை, தலையிலே தொப்பி. அவரைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் எழுதுவானேன்? தேனி ஜில்லாவில் விமானம் இறங்க ஓர் இடம்கூடக் கிடையாது. விமானம் ஏற வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். ரயில்கூட நமக்கு 2010-ம் ஆண்டு முடிவில் நின்றுபோய், 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும்தான் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட சீமை நம்முடையது.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும். சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் வாழைத் தோட்டத்தையோ திராட்சைக் கொடியையோ நம்பிப் பிழைக்கிறவர்கள், பிள்ளைக்கு விமானம் ஓட்டும் படிப்பு வாங்கித் தந்தால் குடும்பம் கரையேறிவிடும் என்று கனவு காணும் காலம் இது. அந்தப் படிப்புக்கு ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய் ஆகிறது. 200 மணி நேரம் பறந்து, பரீட்சைகள் எழுதி, லைசென்சு வாங்கிய பிறகு வேலை கிடைக்குமா என்றால் அதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. இந்தத் தொல்லை நேற்று முளைத்ததல்ல. சுதந்திரம் வந்த ஆண்டிலேயே லைசென்சைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர் ஒருவர் உண்டு. அவர்தான் இந்தியாவில் பயணி விமானம் ஓட்டும் உத்தியோகத்தில் அமர்ந்த முதல் பெண்மணி, பிரேம் மாத்தூர் அம்மையார்.

அலகாபாத் நகரில் வளர்ந்தவர் அவர். அங்குள்ள பறக்கும் கிளப்பில் பயிற்சி பெற்று, 1947-ம் ஆண்டில் வர்த்தக விமானிக்குரிய லைசென்சைப் பெற்றார். அதற்கு முன்பே நம் நாட்டுப் பெண்கள் பறக்காமல் இல்லை. லாகூரில் சர்லா தக்ரால் 1936-லேயே சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டினார். அவருடைய கணவரும் விமானி; 1939-ல் ஒரு விபத்தில் மாண்டார். வர்த்தக லைசென்சுக்கு அந்த அம்மையார் பழகத் தொடங்கிய நேரத்தில் உலக யுத்தம் மூண்டது, கிளப்பில் பயிற்சி நின்றது. கையில் குழந்தையோடு இருந்தவர் ஓவியமும் துணி வேலையும் கற்றுப் பிழைத்தார். திறமை இருந்தும் வேலையாக மாறாமல் போயிற்று. பிரேம் மாத்தூருக்கு முன்னே கிடந்த பாதை இப்படித்தான் பாதியில் அறுந்து கிடந்தது.

லைசென்சு வாங்கியாயிற்று. இனி வேலை. இங்கே விமானத் தொழிலின் ஒரு தன்மையைத் தோழர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தச்சனுக்கு உளி சொந்தமாக இருக்கும். நெசவாளிக்குத் தறி சொந்தமாக இருக்கலாம். கம்பெனி வேலை கிடைக்காவிட்டாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு காசு பார்க்கலாம். விமானிக்கு அந்த வழி அடைபட்டது. விமானம் முதலாளியினுடையது. அவன் ஏற்றினால்தான் தொழில். இறக்கிவிட்டால் கற்ற வித்தை கையோடு துருப்பிடிக்கிறது. பறந்த மணிக்கணக்குத்தான் விமானிக்கு யோக்கியதாபத்திரம். வேலை இல்லாதவருக்கு மணிக்கணக்கு ஏறாது. மணிக்கணக்கு ஏறாதவருக்கு அடுத்த வேலை கிடைக்காது. உடல் பரிசோதனையிலும் அவ்வப்போது தேறியாக வேண்டும். லைசென்சையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா இருப்பதற்கே செலவு பிடிக்கும் தொழில் இது.

அம்மையார் எட்டுத் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். எட்டும் கையை விரித்தன. பெண் ஓட்டும் விமானம் என்று தெரிந்தால் பயணிகள் ஏற அஞ்சுவார்கள் என்பது அவர்கள் காட்டிய காரணம். பயணி பயப்படுவானா என்று ஒரு பயணியையாவது ஏற்றிப் பார்த்தார்களா? இல்லை. ஏலத்தோட்டத்திலே ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வைத்துவிட்டு, பெண்ணுக்குப் பலம் குறைவு என்று சாக்குச் சொல்லும் அதே நியாயந்தான். போடி மெட்டிலும் கம்பம் மெட்டிலும் குமுளிப் பாதையிலும் விடியற்காலம் ஜீப்பிலே அடைத்துக்கொண்டு மலையேறும் நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய் எடுக்கும் பருவத்தில் வீடு தேடி ஜீப் வரும். பருவம் முடிந்தால் அதே ஜீப் தெருவைத் திரும்பியும் பார்க்காது.

எட்டுப் பேர் மறுத்த பிறகு ஹைதராபாத்திலிருந்த டெக்கான் ஏர்வேஸ் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. இந்தக் கம்பெனியின் பிறப்பு வளர்ப்பு விசித்திரமானது. பெரும் பங்கு நிஜாமின் ஸ்டேட் ரயில்வேக்கு, கூட்டாளி டாட்டா. 1945-ல் ஏற்பட்டு 1946-ல் பறக்கத் தொடங்கியது. பேகம்பேட்டையிலிருந்து சென்னைக்கும் டில்லிக்கும் அதன் விமானங்கள் போய்வந்தன. அதே ஆண்டுகளில்தான் தெலங்கானாக் குடியானவர்கள் நிஜாம் ஆட்சிக்கும் ஜமீன்தார் தேஷ்முக்குகளுக்கும் எதிராக ஆயுதம் ஏந்தி நின்றார்கள் என்பதைத் தோழர்கள் அறிவர். மேலே நிஜாமின் விமானம். கீழே நிஜாமின் நிலத்திலே ரத்தம். அம்மையாரின் வேலை உத்தரவு அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது என்பதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. பிழைக்க வந்தவர், கதவு திறந்த இடத்தில் நுழைந்தார்.

அங்கே ஓடியவை டக்கோட்டா விமானங்கள். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் இந்தியாவில் விட்டுப்போன இந்த இரட்டை எஞ்சின் வண்டிகள் மலிவு விலைக்குக் கிடைத்தன. இருபது முப்பது பேர் உட்காரலாம். பெட்டியிலே பணம் வைத்திருந்தவர்களெல்லாம் விமானக் கம்பெனி ஆரம்பித்தது இந்த மலிவைப் பார்த்துத்தான்.

அம்மையாருக்குக் கிடைத்தது துணை விமானி உத்தியோகம். விமானத்தின் முன்னறையில் இரண்டு ஆசனங்கள் உண்டு. இடப்புறம் அமர்பவர் தலைவர். அவர் சொல்வதே சட்டம். வலப்புறம் அமர்பவர் துணை. புதிதாக வருகிற எவரும் வலப்புறத்தில்தான் தொடங்க வேண்டும். அதிலே அநீதி ஒன்றுமில்லை. போதிய மணிக்கணக்கு சேர்ந்ததும் இடப்புறம் மாறுவது முறை. பிரேம் மாத்தூரின் விமானத்தில் லால் பகதூர் சாஸ்திரி, இந்திரா காந்தி போன்றவர்கள் பயணம் செய்தார்கள். அவர்களுக்கு நேராத பயம் மற்றவர்களுக்கு எப்படி நேரும்? 1949-ல் தேசிய விமானப் பந்தயத்தில் கலந்துகொண்டு வெற்றியும் பெற்றார். ஆண்கள் நிறைந்த போட்டி அது. இதற்கு மேலும் ஒரு விமானி எதை நிரூபித்துக் காட்ட வேண்டும்?

மணிக்கணக்கு சேர்ந்தது. இடப்புற ஆசனத்தைக் கேட்டார். கம்பெனி மறுத்துவிட்டது.

வேலைக்கு எடுக்காமல் இருப்பது ஓர் அநீதி. எடுத்துவிட்டு, உழைப்பை வாங்கிக்கொண்டு, பதவியை மட்டும் பிடித்துவைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கொடியது என்பது எம் கருத்து. முதலாவதில் வெளியே நிற்கிறவருக்குக் கோபமாவது மிஞ்சும். இரண்டாவதில், இருக்கிற வேலையும் போய்விடுமோ என்ற பயம் வாயைக் கட்டிவிடும். இன்றும் தாற்காலிகம், ஒப்பந்தம் என்ற பெயர்களில் பத்து வருஷம் ஒரே மெஷினில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

அம்மையார் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டெக்கானை விட்டு விலகி டில்லிக்குப் போனார். அங்கே ஜி. டி. பிர்லாவின் சொந்த விமானத்தை ஓட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் வந்திருக்கும், தலைமை ஆசனமும் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு கோடீசுவரரின் சொந்த வாகனத்தை ஓட்டுவது எப்படிப்பட்ட உத்தியோகம்? எஜமானர் புறப்பட்டால் பறக்கலாம். அவர் புறப்படாவிட்டால் காத்திருக்கலாம். சீனியாரிட்டி கிடையாது, உடன் வேலை செய்யும் நாலு பேர் கூடிச் சங்கம் வைக்கவும் இடமில்லை.

அவர் டில்லியிலே இருந்த காலத்தில் விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடிக்கொண்டிருந்தன. மலிவு டக்கோட்டாவைக் கண்டு கடை விரித்தவர்கள், ஏற்றப் போதிய ஆளும் சரக்கும் இல்லை என்று பிறகுதான் கண்டார்கள். அம்பிகா, ஜூபிட்டர் என்ற கம்பெனிகள் மூடிக்கொண்டன. மூடும்போது முதலாளிக்கு நஷ்டம் ஒரு கணக்கு. விமானிக்கும் மெக்கானிக்குக்கும் சுமைகூலிக்கும் நஷ்டம் ஒரு வாழ்க்கை. 1950-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி வைத்தது. தாங்கக்கூடியதற்கு மேல் கம்பெனிகளை அனுமதித்ததே நோய் என்று கமிட்டி கண்டது. தாமாகவே நாலு கம்பெனிகளாகக் கூடிக்கொள்ளச் சொன்னது. முதலாளிகள் கூடவில்லை. கடைசியில் 1953-ல், ஜகஜீவன்ராம் போக்குவரத்துத் தொடர்பு மந்திரியாக இருந்த காலத்தில், பார்லிமெண்டில் சட்டம் வந்தது. ஆகஸ்டு 1-ந் தேதி எட்டுக் கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. கைக்கு வந்த விமானங்கள் 99. அதில் 74 பழைய டக்கோட்டாக்கள். முதலாளிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. அந்தக் கம்பெனிகளில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களைக் கார்ப்பொரேஷன் ஊழியர்களாக ஏற்க அதே சட்டத்தில் விதி இருந்தது. நஷ்டஈடு கொடுத்ததைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். இந்த விதியைப் பற்றி இரண்டாம் அபிப்பிராயம் இல்லை.

டெக்கானிலே தொடர்ந்து இருந்திருந்தால் பிரேம் மாத்தூரையும் சட்டமே தூக்கிக் கொண்டுபோய்க் கார்ப்பொரேஷனில் வைத்திருக்கும். நியாயம் கேட்டு வெளியே வந்தவரானபடியால் அந்தக் கூட்டத்தில் அவர் இல்லை. ஆயினும் அதே 1953-ல் இந்தியன் ஏர்லைன்சில் சேர்ந்தார். உத்தியோக காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார். ஆறு ஆண்டுகளில் எட்டு மறுப்பு, ஒரு கம்பெனி, ஒரு கோடீசுவரர் என்று அலைந்த வாழ்க்கைக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது பொதுத்துறையில்தான். பொதுத்துறை என்றால் எல்லாம் சுபம் என்று யாம் சொல்ல வரவில்லை. இந்தியன் ஏர்லைன்சின் ஒரு விமானத்தைப் பெண்களே முழுக்க இயக்கிப் போக 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குச் சென்ற அந்த போக்கர் விமானத்தின் தலைமை ஆசனத்தில் சௌதாமினி தேஷ்முக் அமர்ந்திருந்தார். இன்றைக்கு இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பேர் பெண்கள். உலகச் சராசரி இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பயணிகள் பயந்து ஓடியதாகத் தகவல் இல்லை.

ஆக, பெண் என்பதால் கதவடைப்பது ஓரளவு குறைந்தது. தொழிலின் நிலையாமை குறைந்ததா? தனியார் கம்பெனிகள் மறுபடி வந்தன. தமிழ்நாட்டிலே பிறந்த என்.இ.பி.சி. 1990-களில் பறந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றது. மதுரைக்காரர்களின் பாரமவுண்ட் 2005-ல் தொடங்கி 2010-ல் நின்றது. டெக்கான் என்ற பெயரே 2003-ல் வேறொரு முதலாளியின் கையில் மறுபிறவி எடுத்து, கிங்பிஷருக்குள் கரைந்து, கிங்பிஷரும் 2012-ல் சம்பள பாக்கியோடு தரை தட்டியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் விமானி அடுத்த கம்பெனிக்குப் போய் வரிசையின் வாலில் நிற்கிறார். நேற்றுவரை தலைவராக இருந்தவர் மீண்டும் வலப்புறம் அமர நேருகிறது. தோட்டத்தை அடகு வைத்துப் படித்த பிள்ளைக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறுகிறது. மலைக்கு ஜீப் ஏறும் தாய்க்கும் மாலுமி அறையில் ஏறும் மகளுக்கும் கூலியில்தான் வித்தியாசம். நாளைக்கு வேலை உண்டா என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றே.

பிரேம் மாத்தூர் அம்மையார் 1992-ல் காலமானார். அவருக்கு நிலையான வேலை தந்த 1953-ம் ஆண்டுச் சட்டம் 1994-ல் ரத்து செய்யப்பட்டது. இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைக்கப்பட்டது; அந்த ஏர் இந்தியா 2022 ஜனவரி 27-ந் தேதி டாட்டாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின்படி முதல் ஓராண்டுக்கு ஊழியர்களை நீக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டில் நீக்க வேண்டுமானால் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு எழுதப்படவில்லை.