கோரல் மில்லில் ஒன்பது நாள்

வ.உ.சி. என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கப்பல், செக்கு. பள்ளிப் புத்தகத்தோட அவரை நாம மூடி வச்சிடறோம். ஆனா, நாளைக்குச் சம்பளம் வாங்கப்போற நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒன்பது நாள் அவர் வாழ்க்கையில இருக்கு.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் அவர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அதே ஊரில் வெள்ளைக்காரர் நடத்திய கோரல் நூற்பாலையில் கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறையும் கிடையாது. தனி ஆளாகக் கேட்டால் வேலை போகும். வெளியே போனால் அதே மாதிரி வேலை தர ஊரில் எத்தனை மில் இருந்திருக்கும்?

1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஊரும் சேர்ந்துகொண்டது. ஒன்பதாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் சம்மதித்தது. கதை அங்கே முடியலை. வேலைநிறுத்தமே செய்யாத மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஆட்களுக்கும் கூலி உயர்ந்தது. பக்கத்து மில்லில் நடந்தது நம்ம இடத்திலும் நடக்கலாம் என்ற பயம்தான் காரணம்.

இப்போ உலகத்தைப் பாருங்க. 1906-லேயே பிரிட்டனில் வேலைநிறுத்தம் செய்த சங்கத்தின் மீது நஷ்டஈடு வழக்குப் போட முடியாதபடி சட்டம் வந்துவிட்டது. 1907-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், குடும்பம் பிழைக்கப் போதுமானதுதான் நியாயமான கூலி என்று தீர்ப்பளித்தது. முதலாளிகளின் சொந்த நாட்டில் இருந்த பாதுகாப்பு தூத்துக்குடித் தொழிலாளிக்கு இல்லை. சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனுஷன் நின்றார்.

மனுஷனைச் சிறையில் போடலாமே! மார்ச் 12-ல் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். தண்டனை 40 ஆண்டுகள், மேல்முறையீட்டில் குறைந்தது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் உரிமமும் இல்லை. 1936-ல் தூத்துக்குடியிலேயே காலமானார். இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல்.

உங்க ஆஃபர் லெட்டர் வரும்போது சம்பளத் தொகையோட நிறுத்திடாதீங்க. வேலை நேரம், விடுப்பு பற்றிய வரிகளையும் படிங்க. கோரல் மில்காரங்க ஒன்பது நாள் கூலியை விட்டுக் கேட்டது அதைத்தான்.