எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார்

எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் (செப்டம்பர் 16, 1918 - ஏப்ரல் 3, 1992) தமிழக அரசியல்வாதி ஆவார். தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை நிறுவியவர். சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும், காமராசர் அமைச்சரவையில் அமைச்சராகவும், பின்னாளில் மக்களவை உறுப்பினராகவும் பணியாற்றியவர். விடுதலைக்குப் பின் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில், அரசியலில் உரிய இடம் பெறாதிருந்த உழவர் சமூகம் ஒன்றின் வாக்குகளைத் தனிக்கட்சியாக ஒன்றுதிரட்டியவர் என்ற வகையில் அறியப்படுகிறார்.

பின்னணி

இவர் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் பிறந்தார். அம்மாவட்டம் வங்கக் கடற்கரை தொடங்கி மேற்கே கல்வராயன் மலை வரை பரந்திருந்தது. இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களாக உள்ள பகுதிகள் அதில் அடங்கியிருந்தன. தென்பெண்ணையாற்றின் கரையிலுள்ள மணலூர்பேட்டையும் திருக்கோயிலூரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. நெல்லும் மணிலாப் பயிரும் விளையும் இவ்வூர்களில் வன்னியர் சமூகத்தினர் பெருமளவில் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் சிறு உழவர்களும் குத்தகைதாரர்களும் விவசாயக் கூலிகளும் மிகுதி. எண்ணிக்கையில் பெரிய சமூகமாக இருந்தும் கல்வி, அரசுப் பணி, கட்சிப் பொறுப்புகள் ஆகியவற்றில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற குறை நெடுங்காலமாக இருந்து வந்தது. சமூகச் சங்கங்கள் வழியே எழுந்த இக்குரலைத் தேர்தல் களத்திற்குக் கொண்டு வந்தவர்களுள் இராமசாமி படையாட்சியார் முதன்மையானவர்.

மாவட்டக் கழகத் தேர்தல்

1949ஆம் ஆண்டில் நடந்த தென்னாற்காடு மாவட்டக் கழகத் தேர்தலில் வன்னியர் அமைப்பினர் காங்கிரசுக்கு எதிராகத் தனித்து நின்று 52 இடங்களில் 22 இடங்களைப் பெற்றனர். விடுதலை பெற்றுத் தந்த கட்சி என்ற செல்வாக்குடன் காங்கிரசு விளங்கிய காலத்தில் இது குறிப்பிடத்தக்க வெற்றியாகும்.

தேர்தலுக்கு முன்பே மக்களின் மனநிலையை அளந்து கூறும் கருத்துக் கணிப்புகள் அக்காலத் தமிழகத்தில் இல்லை. பிரித்தானியாவில் கேலப் நிறுவனத்தின் கிளை 1937 முதல் கணிப்புகளை நடத்தி வந்தது. 1945ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி முன்னணியில் இருப்பதை அது காட்டியபோதும் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை; தேர்தலில் சர்ச்சிலின் கட்சி தோல்வியுற்றது. தென்னாற்காட்டில் அத்தகைய கணிப்பின் இடத்தை 1949ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் முடிவு நிரப்பியது எனலாம். தம் வாக்கு வலிமை எவ்வளவு என்பதை அச்சமூகத்தினர் அதன் வழியே அறிந்தனர்.

தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி

முதல் பொதுத்தேர்தல் நெருங்கியபோது, 1951ஆம் ஆண்டில் இராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். எனினும் வட மாவட்டங்கள் முழுவதற்கும் ஒரே கட்சி அமையவில்லை. தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களில் இவரது கட்சியும், வட ஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையிலான காமன்வீல் கட்சியும் செயல்பட்டன. கட்சியின் பெயர் சாதியைச் சுட்டாமல் உழைப்பைச் சுட்டியது. ஆயினும் அதன் ஆதரவுத் தளம் பெரும்பாலும் ஒரே சமூகத்தைச் சார்ந்திருந்தது.

1952 பொதுத்தேர்தல்

சென்னை மாநிலத்தில் 1952 சனவரியில் வாக்குப்பதிவு நடைபெற்றது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட முதல் பொதுத்தேர்தல் இதுவாகும். அதற்கு முன் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையில் வாக்குரிமை வரையறுக்கப்பட்டிருந்ததால் நிலமற்ற கூலிகளில் பெரும்பாலோர் வாக்களித்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் வாக்குச்சீட்டை இட வேண்டும்.

இத்தேர்தலில் நேரடியாகப் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம், உழைப்பாளர் கட்சிக்கும் காமன்வீல் கட்சிக்கும் ஆதரவு அளித்தது. உழைப்பாளர் கட்சி சட்டமன்றத்தில் 19 இடங்களையும் மக்களவையில் 4 இடங்களையும் வென்றது. காமன்வீல் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 6 இடங்களும் மக்களவையில் 3 இடங்களும் கிடைத்தன. இராமசாமி படையாட்சியார் கடலூர் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிரித்தானிய முறையைப் பின்பற்றி, மிகுதியான வாக்குகளைப் பெற்றவரே வென்றவர் என்ற விதி இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்திருந்தது. இம்முறையில் மாநிலம் முழுவதும் சிதறிக் கிடக்கும் வாக்குகளைவிட ஒரு பகுதியில் செறிந்திருக்கும் வாக்குகளுக்கே பயன் அதிகம். புதிய கட்சி ஒன்று முதல் தேர்தலிலேயே இத்தனை இடங்களைப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆட்சியில் பங்கு

375 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றதால் சிறிய கட்சிகளின் ஆதரவு இன்றியமையாததாயிற்று. 1952 ஏப்ரலில் சி. இராஜகோபாலாச்சாரி முதலமைச்சரானார். மாணிக்கவேலு நாயக்கர் அவரது அமைச்சரவையில் இடம்பெற்றார். இராமசாமி படையாட்சியார் அப்போது அமைச்சரவையில் சேரவில்லை.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்ததும் சட்டமன்றத்தின் அளவு சுருங்கியது. அதனால் தமிழ்ப் பகுதியில் இருந்த 19 உறுப்பினர்களின் மதிப்பு உயர்ந்தது. புதிய தொடக்கக் கல்வித் திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பினால் இராஜகோபாலாச்சாரி விலக, 1954 ஏப்ரலில் கு. காமராசர் முதலமைச்சரானார். அவரது எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் இராமசாமி படையாட்சியார் உள்ளாட்சித் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார். மாணிக்கவேலு நாயக்கரும் அமைச்சராகத் தொடர்ந்தார். இரு கட்சிகளும் கலைக்கப்பட்டுக் காங்கிரசுடன் இணைந்தன.

இந்த முடிவு இருவகையாக மதிப்பிடப்படுகிறது. ஆட்சியில் பங்கு பெறுவதற்காகவே தொடங்கப்பட்ட கட்சி தன் நோக்கத்தை அடைந்தது என்பது ஒரு கருத்து. பேரம் பேசும் வலிமையைத் தந்த தனி அமைப்பு கலைந்ததால் அவ்வலிமையும் உடன் மறைந்தது என்பது மற்றொரு கருத்து. 1957 தேர்தலுக்குப் பின் அமைந்த காமராசர் அமைச்சரவையில் இராமசாமி படையாட்சியார் இடம்பெறவில்லை. உழைப்பாளர் கட்சியினர் அனைவரும் காங்கிரசில் தங்கிவிடவுமில்லை. அக்கட்சியில் இருந்த ஏ. கோவிந்தசாமி பின்னர் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்து, 1967இல் அண்ணாதுரை அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார்.

பிற்காலம்

இராமசாமி படையாட்சியார் 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் திண்டிவனம் தொகுதியிலிருந்து இந்திரா காங்கிரசு சார்பில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980களில் இடஒதுக்கீடு கோரி வன்னியர் சங்கம் நடத்திய போராட்டங்களும், 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கப்பட்டதும், அதே ஆண்டில் பாட்டாளி மக்கள் கட்சி தோன்றியதும் இவரது வாழ்நாளிலேயே நிகழ்ந்தன. உழைப்பாளர் கட்சி 1952இல் எழுப்பிய அதே கேள்வி, ஒரு தலைமுறைக்குப் பின் மீண்டும் தேர்தல் களத்திற்கு வந்தது. இவர் 1992 ஏப்ரல் 3 அன்று காலமானார்.

நினைவு

தமிழக அரசு இவரது பிறந்த நாளை அரசு விழாவாக அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றத்தில் இவரது உருவப்படம் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில் கடலூரில் நினைவு மண்டபமும் திறக்கப்பட்டது.