பத்து வெள்ளியால் தோட்டம் வாங்க வைத்தவர்



இந்தப் பரிசளிப்பு விழா நாளில் நம்மவர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறோம். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அவர்தான் துன் வீ. தி. சம்பந்தன்.

1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தகப்பனாருக்கு ரப்பர்த் தோட்டம் இருந்தது. கோலகங்சாரிலும், பின்னர் தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். பசி, பட்டினி அறியாத பிள்ளைதான். ஆனால் லயத்துப் பிள்ளைகளின் கஷ்டம் அவர் கண்ணில் பட்டது. சொந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி எழக் காரணமாக இருந்தார். 1954இல் அதன் திறப்பு விழா நடந்தது. 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், அமைச்சராகவும் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

மாணவர்களே, அந்தக் காலத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வேலை தோட்டத்துடையது. லயமும் தோட்டத்துடையது. ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், குடிக்கிற தண்ணீர் எல்லாமே தோட்டத்துடையது. சுதந்திரம் வந்த சமயத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றோம். அப்பனுக்கு வேலை போனால் வீடும் போச்சு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் போச்சு. மூட்டை முடிச்சோடு எங்கே போவது?

மற்றவர்கள் கண்ணீர் விட்ட இடத்தில் சம்பந்தன் கணக்குப் போட்டார். துண்டாடுகிறவனுக்கு முன்னால் தொழிலாளியே தோட்டத்தை வாங்கினால் என்ன? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்வெட்டும் குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சின்னப் பணமா? பல நாள் கறிச்செலவு ஆயிற்றே! கட்டினால் திரும்பி வருமா என்று பயந்தவர்களும் உண்டு. அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி விளக்கம் சொன்னார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்ற தோட்டங்களும் வந்தன.

எல்லார் வறுமையும் அதனால் தீர்ந்துவிடவில்லை. துண்டாடப்பட்ட தோட்டங்கள் அநேகம். ஆனால் பிறர் நிலத்தில் பால் வெட்டிய கை, தானும் நிலத்துக்குப் பங்குதாரன் என்று நிமிர்ந்தது. 1979 மே 18ஆம் நாள் துன் மறைந்தார். தகப்பனார் வைத்துப்போன சொத்து பொதுவாழ்வில் கரைந்துபோயிருந்தது. சங்கமோ கரையவில்லை.

பெற்றோர்களே! இன்று நாடு செழித்திருக்கிறது. தார் ரோடும், மாடிக் கட்டடமும் பார்க்கிறோம். ஆனாலும் பஸ் காசுக்கும் காலைப் பசியாறலுக்கும் திண்டாடுகிற பிள்ளை நம் லாயாங் லாயாங் வட்டாரத்திலும் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை பள்ளியைவிட்டு நின்றுபோகாமல் பார்ப்பது யார் பொறுப்பு? ஒரு குடும்பத்தால் முடியாததைப் பத்துக் குடும்பம் சேர்ந்தால் முடிக்கலாம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய சமூகம் நம்முடையது. ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்ற நம்மால் முடியாதா என்ன?