கடல் கடந்து கற்ற மேதை

சேலத்திற்குத் தெற்கே விரிந்த சமவெளியில், ஒரே பாறையாய் எழுந்து நிற்பது நாமக்கல் குன்று. அதன் அடிவாரத்தில் கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயாரே கணித மேதை சீனிவாச இராமானுஜனின் குலதெய்வம்.

1887 ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மனம் தோய்ந்து ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரித் தேர்வில் தவறினார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு அவர் விடுத்த கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டி, அவரை இங்கிலாந்திற்கு அழைத்தார். கடல் கடத்தல் குல ஆசாரத்திற்கு ஒவ்வாதெனத் தடுத்த அன்னை, நாமகிரித் தாயார் கனவில் தோன்றி விடையளித்த பின்னரே இசைந்தார் என்பர்.

1914 இல் இராமானுஜன் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். உண்மையை உள்ளுணர்வால் காணும் ஆற்றல் அவரிடம் முன்பே இருந்தது. அதனைப் படிப்படியாக நிறுவும் முறையை அங்கே கற்றார். 4 என்னும் எண்ணை 5 வகையாகக் கூறிடலாம். 200 ஐயோ ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி வகையாகக் கூறிடலாம். இத்தகைய தொகைகளைக் கணிக்கும் வழியை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1918 இல் வெளியிட்டனர். அவ்வாண்டே அவர் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

ஆயினும் கடுங்குளிரும், போர்க்காலப் பஞ்சத்திடையே தாமே சமைத்துண்ட சைவ உணவும் அவர் உடலுக்கு உரம் தரவில்லை. நோயுடன் 1919 இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டு 32 ஆம் அகவையில் மறைந்தார். நோய்ப்படுக்கையிலும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. அக்காலத்தில் அவர் எழுதிய தாள்கள் 1976 இல் கேம்பிரிட்ஜில் கண்டெடுக்கப்பட்டன. அறிஞர் அவற்றை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.