ராஜா ரவிவர்மாவும் அவரது சித்திர அச்சுக்கூடமும்

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில், பூஜையறைச் சுவரிலேனும் கூடத்திலேனும் திருமகள் படமோ கலைமகள் படமோ இல்லாத இல்லம் அரிதேயாகும். நீர்நடுவே தாமரைமீது நிற்கும் திருமகளையும், அருகே மாலையேந்தி நிற்கும் வேழத்தையும், நீர்க்கரைப் பாறைமீது வீணையுடன் அமர்ந்த கலைமகளையும், பக்கத்தில் தோன்றும் மயிலையும் நாம் குழந்தைப் பருவம் முதலே கண்டு வணங்கி வருகின்றோம். ஆயினும் அவ்வுருவங்களை முதன்முதல் அவ்விதம் எழுதியவர் யாவர், அவை எவ்வாறு ஏழையின் குடிசைக்கும் வந்து சேர்ந்தன, அதன்பொருட்டு உழைத்தோர் எத்தகையோர் என்று ஆராய்பவர் மிகச் சிலரே. அச்சரித்திரத்தை நம் குடும்பத்தார் யாவரும் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி ஈண்டு சுருக்கமாக எழுதலாயிற்று.

பிறப்பும் இளமையும்

ரவிவர்மா அவர்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், திருவனந்தபுரத்திற்கு வடக்கேயுள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் தேதி பிறந்தார். தாயார் உமையாம்பாள், தந்தையார் நீலகண்டன் பட்டதிரி. அக்குடும்பம் அரச குடும்பத்துடன் மணவுறவு பூண்டது. கல்வியிலும் கலையிலும் சிறந்தது. இவருடைய மாமனார் ராஜராஜ வர்மா தஞ்சாவூர் முறையில் சித்திரம் எழுதப் பழகியவர். சிறுவன் அரண்மனைச் சுவர்களிலெல்லாம் கரிக்கட்டியால் உருவங்கள் தீட்டியபோது, ஏனையோர் கடிந்தனர். மாமனாரோ அக்கையின் திறமையை உணர்ந்து தாமே பயிற்றத் தொடங்கினார். குழந்தையின் குறும்பைக் குற்றமாகக் கொள்ளாது குறிப்பாகக் கொண்ட பெரியவர் ஒருவர் அவ்வீட்டில் இல்லாதிருந்தால், இச்சரித்திரம் எழுத நேர்ந்திராது.

1862-இல் மாமனார் பதினான்கு வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் காட்டினார். மகாராஜா அன்புடன் ஆதரித்து, அங்கேயே தங்கிக் கலை பயில வசதி செய்து கொடுத்தார். 1866-இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதியம்மையை ரவிவர்மா மணம் புரிந்தார்.

மறைக்கப்பட்ட வித்தை

அக்காலத்தில் எண்ணெய் வர்ணம் நம் நாட்டிற்குப் புதிது. அதைக் கலக்கும் முறையையும் துணிமீது தீட்டும் வகையையும் சமஸ்தானத்தில் நன்கறிந்தவர் மதுரையினின்று வந்த அரண்மனைச் சித்திரகாரர் ராமசாமி நாயுடு ஒருவரே. அவர் இளைஞருக்குக் கற்பிக்க இசையவில்லை. அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஆசிரியர் அறியாவண்ணம் ரவிவர்மாவுக்குத் துணை புரிந்தார் என்று வழிவழியாகக் கூறுவர். 1868-இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தை எழுத வந்தார். அவரும் கற்பிக்கவில்லை, தாம் எழுதும்போது அருகே இருந்து பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். அங்ஙனம் பார்த்ததே ரவிவர்மாவுக்குப் பாடமாயிற்று. பகலிற் கண்டதைத் தனியே இருந்து செய்து பார்த்தும், பிழைத்ததை அழித்தும், மீண்டும் எழுதியும் அவ்வித்தையைத் தாமே கைவரப் பெற்றார்.

மேலும், உயர்குடியிற் பிறந்தோர் தூரிகை பிடித்துப் பொருளீட்டுதல் இழிவென்று எண்ணப்பட்ட காலம் அது. அவ்வெண்ணத்தைப் பொருட்படுத்தாது ஓவியத்தைத் தொழிலாகவே மேற்கொண்ட துணிவு பாராட்டத்தக்கது.

கீர்த்தியும் பிரயாணமும்

1873-இல் சென்னையில் நடந்த சித்திரக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் மங்கை ஒருத்தியின் படத்திற்கு கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டே வியன்னா நகரத்துக் கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. பின்னர் துஷ்யந்தனுக்கு ஓலை எழுதும் சகுந்தலையின் படத்தைச் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார். 1880-இல் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலஞ்சென்றபின் ரவிவர்மா பிற சமஸ்தானங்களை நாடினார். முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாயிருந்து, அப்பொழுது பரோடாவில் திவானாயிருந்த சர் டி. மாதவ ராவ் அவர்களின் அழைப்பால் 1881-இல் பரோடா சென்றார்.

1888-இல் பரோடா மகாராஜா சாயாஜி ராவ், இராமாயண பாரதக் கதைகளினின்று பதினான்கு படங்கள் எழுதித் தருமாறு கேட்டார். சீதைக்கும் தமயந்திக்கும் எந்நாட்டு உடை உடுத்துவது, எவ்வணிகள் பூட்டுவது என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை தேடி, ரவிவர்மா தம் இளைய சகோதரர் ராஜ வர்மாவுடன் வட நாடெங்கும் பிரயாணம் செய்தார். பல மாகாணத்து உடைகளைக் கண்டு, முடிவில் சேலையையே தேவியர்க்கும் காவிய நாயகியர்க்கும் பெரிதும் உரிய உடையாகக் கொண்டார். 1890-இல் படங்கள் முற்றுப்பெற்றன. பம்பாயில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது திரள் திரளாக மக்கள் வந்து கண்டனர். 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துப் பெருங்கண்காட்சியில், இவர் அனுப்பிய பத்துப் படங்களுக்காக இரண்டு பதக்கங்கள் கிடைத்தன.

அச்சுக்கூடம் எழுந்த காரணம்

எண்ணெய்ப் படம் ஒன்றே ஒன்றுதான். அது அரண்மனைச் சுவரைச் சேர்ந்தபின் பொதுமக்கள் அதனைக் காண்பது அரிது. ஒவ்வொரு படத்திற்கும் பிரதி வேண்டுமென்று கேட்போர் தொகையோ பெருகிற்று. இரண்டு கைகளால் எத்தனை பிரதிகள் எழுத முடியும்? ஆதலால் சிறந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வர்ண அச்சாகப் பதிப்பித்தல் நலமென்று மாதவ ராவ் அவர்கள் முன்னரே யோசனை கூறியிருந்தார். ரவிவர்மா சகோதரர்களோ இந்நாட்டிலேயே அச்சுக்கூடம் நிறுவத் துணிந்தனர். பம்பாயில் கோவர்தன்தாஸ் கட்டாவ் மாகன்ஜி என்னும் வர்த்தகருடன் கூட்டுச் சேர்ந்து, ஜெர்மனியினின்று இயந்திரங்களையும் தொழில் வல்லாரையும் வரவழைத்து, 1894-இல் வேலை தொடங்கினர். முதலில் வெளிவந்தது சகுந்தலை ஜனனப் படம்.

தெய்வப் படங்களை முதலில் அச்சிட்டவர் ரவிவர்மாவே என்று பலர் எண்ணுவர், அது சரியன்று. கல்கத்தாவிலும் புனாவிலும் அதற்கு முன்னரே சித்திர அச்சுக்கூடங்கள் இருந்தன. ரவிவர்மா செய்தது, தேர்ந்த எண்ணெய் ஓவியத்தின் ஒளி நிழலையும் மெய்ப்பாட்டையும் மலிவான காகிதத்திற் கொணர முயன்றதாகும்.

திரைக்குப் பின்னால்

அவ்வேலை நடந்த வகையை நம் இளைஞர்கள் கருத்தூன்றி அறிதல் வேண்டும். கல்லச்சு என்னும் இம்முறையை ஜெர்மானியராகிய செனெபெல்டர் 1796-இல் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே அதன் மூலதத்துவம். இதற்கு வாய்ப்பான சுண்ணாம்புக்கல் ஜெர்மனியில் பவேரியா நாட்டில் அகப்படுவது. அவ்வளவு பாரமுள்ள கற்கள் கப்பலேறி வரவேண்டும். அக்கல்லை மணலும் நீருமிட்டுத் தேய்த்துச் சமன் செய்வர். அதன்மீது கொழுப்புக் கலந்த மையால் உருவை எழுதுவர். பிறகு பிசினும் மெல்லிய திராவகமும் பூசி, கல்லை நீரால் நனைத்து, மை உருளையை உருட்டுவர். எழுதிய இடம் மையை ஏற்கும். நனைந்த இடம் மையைத் தள்ளும்.

இஃது ஒரு நிறத்திற்கு. வர்ணப் படத்திற்கோ நிறந்தோறும் தனிக் கல் வேண்டும். சிறந்த படத்திற்குப் பத்துக்கு மேற்பட்ட கற்களும் வேண்டியிருக்கும். ரவிவர்மா எழுதிய துணிப் படத்தைக் கல்லச்சு ஓவியர் முன்வைத்து, திருமகளின் கன்னத்தில் மஞ்சள் எவ்வளவு, செம்மை எவ்வளவு, நிழலில் நீலம் எவ்வளவு என்று மனத்தாற் பிரித்தறிந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கல்லில், வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாற்றி, புள்ளி புள்ளியாக எழுதுவார். ஒரு படத்திற்குரிய கற்களை எழுதி முடிக்கவே நெடுங்காலம் செல்லும். பின்பு ஒரே காகிதம் ஒவ்வொரு கல்லின்மேலும் முறையே சென்று, ஒரு நிறம் உலர்ந்தபின் மறுநிறம் ஏற்கவேண்டும். மழைக்காலத்து ஈரக் காற்றில் காகிதம் சிறிது நீண்டாலும் இதழின் சிவப்பு இதழில் நில்லாமல் கன்னத்தில் விழும்; அத்தாள் வீணே. நிறங்கள் முடிந்தபின் மெருகெண்ணெய் பூசி, துணியின் இழை தோன்ற அழுத்துவதும் உண்டு. அதனாலேயே எண்ணெய்ப் படம் போன்ற தோற்றம் வாய்த்தது.

கல் தேய்த்தவர், கல்லில் எழுதியவர், உருளை உருட்டியவர், தாள் அடுக்கியவர் ஆகிய பலர் கைபட்டே ஒரு படம் வெளியாயிற்று. படத்தின் அடியிலோ ரவிவர்மாவின் பெயரும் அச்சுக்கூடத்தின் பெயருமே காணப்படும். மற்றவர் பெயர்களைக் காகிதம் தாங்கவில்லை.

சகோதரர்களின் கூட்டுழைப்பும் இவ்வாறே. ராஜ வர்மா தாமே தேர்ந்த ஓவியர். மலை, நீர், மரம் முதலிய இயற்கைக் காட்சிகளில் வல்லவர். அண்ணனின் படங்கள் பலவற்றில் பின்னணிக் காட்சி தம்பியின் கைவேலை. கடிதப் போக்குவரத்தும் பிரயாண ஏற்பாடும் அவர் பொறுப்பே. அவர் எழுதி வைத்த நாட்குறிப்பே இக்கூடத்தின் உள்நடப்பை நமக்குத் தெரிவிப்பது. சகோதரியார் மங்களாபாயும் ஓவியம் வல்லவர். தம் அண்ணனின் உருவத்தை எழுதியுள்ளார். மூவர் ஒரு வீட்டிற் பிறந்து ஒரே கலையைப் போற்றியதும், உலகம் ஒருவரையே அறிந்ததும் சிந்திக்கற்பாலன.

நஷ்டமும் விற்பனையும்

படங்கள் நாடெங்கும் பரவின. அச்சுக்கூடத்திலோ இலாபம் நிலைக்கவில்லை. கற்களும் இயந்திரங்களும் கடல் கடந்து வரவேண்டும். ஒரு படத்தின் பணம் கைக்கு வருமுன் மறுபடத்திற்குச் செலவு செய்ய வேண்டும். 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றிற்று. மக்கள் நகரத்தை விட்டு ஓடினர். இறுதியில் அச்சுக்கூடத்தை லோனாவ்லா அருகேயுள்ள மாளவ்லி என்னும் ஊருக்கு மாற்றினர். ஓவியரோ கடன் தீர்ப்பதற்காகச் சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்று உருவப்படம் எழுதவேண்டியவரானார். எழுதி ஈட்டியதை அச்சுக்கூடம் விழுங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே பணிபுரிந்த ஜெர்மானியத் தொழிலாளர் பிரிட்ஸ் ஷ்லைகர் என்பவருக்கே கூடத்தையும் படங்களைப் பதிக்கும் உரிமையையும் விற்றுவிட்டனர். ஷ்லைகரோ தெய்வப் படங்களோடு வியாபாரச் சீட்டுகளும் விளம்பரப் படங்களும் அச்சிட்டுத் தொழிலை நிலைநிறுத்தினார். சித்திரத் திறமை வேறு, வர்த்தகத் திறமை வேறு என்பது இதனால் விளங்கும். பிற்காலத்தில் 1913-இல் ராஜா ஹரிச்சந்திரா என்னும் சலனப் படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கே அவர்களும் இவ்வச்சுக்கூடத்துடன் தொடர்பு கொண்டு தொழில் செய்தவரே. 1972-இல் நேர்ந்த தீவிபத்தில் அக்கூடம் அழிந்தது.

இறுதிக் காலம்

1904-இல் அரசாங்கத்தார் கெய்சரி ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கினர். மறு ஆண்டே தம்பி ராஜ வர்மா காலஞ்சென்றார். வலக்கரமே வீழ்ந்ததுபோல் ரவிவர்மா தளர்ந்தார். மைசூர் மகாராஜாவுக்காகப் படங்கள் எழுதி முடித்து, 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, தாம் பிறந்த கிளிமானூரிலேயே உயிர் நீத்தார்.

பயன்

இவர் படங்கள் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை என்றும், நம் பழைய ஓவிய மரபுக்கு ஒவ்வாதவை என்றும் கலையறிஞர் சிலர் பின்னர்க் கண்டித்தனர். அவ்வாராய்ச்சி அறிஞர்க்கு உரியது. ஆனால் எளிய மக்கள் அடைந்த பயன் ஒன்று உண்டு. அந்நாளில் கோயில் வாயிலைத் தாண்டிச் செல்ல அனுமதி பெறாதோர் எண்ணற்றவர். அச்சிட்ட படமோ எவர் வீட்டுக்கும் சென்றது. சாதி கேட்டுச் சுவரேறவில்லை. தமிழ்நாட்டிலும் அப்படங்களுக்குச் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி, கண்ணாடியிட்டு, மாலை சாத்தி வழிபட்ட வீடுகள் பல. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட சித்திரைத் திருநாள் மகாராஜா, ரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்தியாகிய சேது பார்வதிபாயின் புதல்வர். கொள்ளுப்பாட்டனார் தெய்வத்தை வீட்டுக்கு அனுப்பினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றபின் கொள்ளுப்பேரர் கோயிற் கதவைத் திறந்தார்.

இச்சரித்திரத்தினின்று நம் சமூகத்தார் கொள்ளத்தக்கவை மூன்று. தொழில் அறிந்த பெரியோர் அதனை மறைத்து வைத்தல் கூடாது. மறைத்தவரைக் காட்டிலும், இருளில் வந்து உதவியதாகச் சொல்லப்படும் ஆறுமுகம் பிள்ளையையே நாம் நன்றியுடன் நினைக்கின்றோம். கூட்டுத் தொழில் தொடங்குவோர் கணக்கும் முதலும் தெளிந்து தொடங்குதல் வேண்டும். கீர்த்தி கடனை அடைக்காது. தம்மோடு உழைப்பவரின் பெயரை ஏட்டிலேனும் எழுதி வைத்தல் வேண்டும். ராஜ வர்மா எழுதி வைத்தமையால் ஒரு கூடத்தின் வாழ்வு நமக்குத் தெரிந்தது. எழுதப்படாத எத்தனையோ கைகள் மறைந்தன. இனி மாலை விளக்கேற்றித் திருமகள் படத்தின்முன் நிற்கும்போது, நம் குழந்தைகளுக்கு இவ்வரலாற்றையும் சிறிது சொல்லி வைப்போமாக.